‘ஏற்கனவே போட்டாச்சு சார்’: புது கார் எடுக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கார் எடுத்து நாற்பது நாள் கழித்து முதல் தடவையாக வெளியே வாட்டர் சர்வீஸுக்கு விட்டேன். கழுவிக்கொண்டிருந்த பையன் பானெட்டில் தண்ணீரை அடித்துவிட்டு, “அண்ணே, இதுல கோட்டிங் ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டான்.

“செராமிக் போட்டிருக்கு தம்பி, ஷோரூம்லயே போட்டுக் குடுத்தாங்க,” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவன் ஒன்றும் பேசவில்லை. ஹோஸை எடுத்து இன்னொரு முறை அடித்தான். தண்ணீர் அகலமாகப் பரவி, அவசரமே இல்லாமல் வழிந்து இறங்கியது. பிறகு பக்கத்தில் நின்ற ஒரு பழைய கார் மேல் அதே ஹோஸைத் திருப்பினான். அங்கே தண்ணீர் தாமரை இலையில் பட்டதுபோல முத்து முத்தாகத் திரண்டு ஓடியது. “அதுலதாண்ணே செராமிக் இருக்கு. உங்க வண்டியில வெறும் பெயிண்ட்தான்.”

அன்று ராத்திரி ஷோரூம் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கையெழுத்துப் போடும்போது படித்திருக்க வேண்டியதைத்தான் நாற்பது நாள் தள்ளிப் படித்தேன்.

தொகையை இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் வீட்டில் இன்னொரு பஞ்சாயத்து நடக்கும். கம்பெனி அறிவித்த விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. அவற்றைக் கையிலிருந்தே கட்டினேன், அதில் எனக்குப் புகார் இல்லை. அவை போக, காருக்கென்று நான் ஒப்புக்கொண்டது 113. அந்த 13-இல் 5 ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’, 6 ‘புரொடெக்‌ஷன் பேக்கேஜ்’. மிச்சம் 2, எக்ஸ்டெண்டெட் வாரண்டியும் ‘ஹேண்ட்லிங்’ என்று ஒற்றை வார்த்தையில் போட்ட ஒரு வரியும்.

விலை பேசிய அன்றைக்கு நான் ஏமாளியாகப் போகவில்லை. மூன்று ஷோரூம் ஏறி இறங்கி, எந்த மாடல், எந்த கலர், என்ன விலை என்று மனப்பாடமாகத்தான் போனேன். 100-க்குப் பேசி முடித்து, அட்வான்ஸ் கட்டி, ரசீதும் வாங்கினேன். ரசீதில் அட்வான்ஸ் தொகை இருந்தது, மாடல் பெயர் இருந்தது. மொத்த விலை எழுதவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பார்களா என்பது வேறு விஷயம். ஆனால் எழுதிக் கொடுக்க மறுத்திருந்தால் அப்போதே எழுந்து வந்திருப்பேன்.

டெலிவரி அன்று குடும்பமே போனோம். பிள்ளைகள் ஏற்கனவே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. அம்மா முன்கதவைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் என்னை மட்டும் “ஒரு சின்ன ஃபார்மாலிட்டி சார்” என்று உள்ளே ஒரு கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். கார் சாவி மேசை மேல் இருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு தாள்.

“சார், இந்த வண்டி பேக்கேஜோடதான் ரெடியாகியிருக்கு. செராமிக், அண்டர்பாடி, நைட்ரஜன், கண்ணாடியில நம்பர் எட்சிங், எல்லாம் ஏற்கனவே போட்டாச்சு சார்.”

“நான் கேக்கலையே?”

“தெரியும் சார். ஆனா போட்டதைக் கழட்ட முடியாதே. பேக்கேஜ் இல்லாத வண்டிதான் வேணும்னா நாலு மாசம் வெயிட் பண்ணணும். இதை எடுத்துக்க வெளிய ரெண்டு பார்ட்டி ரெடியா இருக்காங்க.”

எட்டிப் பார்த்தேன். சோபாவில் ரெண்டு பேர் உட்கார்ந்துதான் இருந்தார்கள். சர்வீஸுக்கு விட்ட பழைய காருக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். நான் கிளம்புவதற்கு முன்பே தங்கள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்போதாவது எழுந்து வந்திருக்கலாமே என்று என் மச்சான் இன்றைக்கும் கேட்கிறார். வந்திருக்கலாம். பின்சீட்டிலிருந்து ரெண்டு பிள்ளைகளை இறக்கிக் கூட்டிக்கொண்டு வர உங்களுக்கு மனசு வருமா என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தாளை அன்றைக்கு, அந்த நேரத்தில் எடுப்பதற்குக் காரணமே அதுதான்.

‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற அந்த 5-ஐப் பற்றி முதலில் சொல்கிறேன். டீலர் என்பவர் கார் கம்பெனியின் ஆள் கிடையாது. கம்பெனியிடம் வண்டி வாங்கி விற்கும் தனி வியாபாரி. கம்பெனி சொல்லும் விலை பல இடங்களில் பரிந்துரை விலைதான், அதற்கு மேல் வைக்கக் கூடாது என்று கட்டாயம் இருக்காது. 2021-இல் சிப் தட்டுப்பாட்டால் உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்தபோது இந்தக் கூடுதல் விலை பல நாடுகளில் சகஜமாகிவிட்டது. அன்றைக்கு வண்டியே இல்லை, சரி. என் விஷயத்தில் அதே மாடல், அதே கலர், யார்டில் வரிசையாக நின்றது. நானே எண்ணினேன், ஐந்து வண்டி. ‘மார்க்கெட்’ எங்கே அட்ஜஸ்ட் ஆனது என்று கேட்டதற்கு, “சிஸ்டம்ல அப்படித்தான் சார் வருது” என்றார்கள்.

அமெரிக்காவில் 1958-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். கம்பெனி விலை, தொழிற்சாலையில் பொருத்திய ஒவ்வொன்றின் விலை, வண்டியை அனுப்பிய செலவு எல்லாவற்றையும் அச்சடித்துக் கார் கண்ணாடியிலேயே ஒட்ட வேண்டும். அதைக் கொண்டுவந்த செனட்டர் மன்ரோனியின் பெயரால்தான் அந்த ஸ்டிக்கரையே இன்றும் அழைக்கிறார்கள். அதற்கு டீலர்கள் கண்டுபிடித்த பதில், பக்கத்திலேயே இரண்டாவதாக ஒரு ஸ்டிக்கர். கூடுதல் விலையும் பேக்கேஜும் அதில் வரும். இந்த மாதிரி வேலைகளைக் கட்டுப்படுத்த அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. டீலர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், விதியைக் கொண்டுவந்த நடைமுறை சரியில்லை என்று அதை ரத்து செய்துவிட்டது. ஆக, சட்டம் வந்து காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆனால் அந்த ரெண்டு ஸ்டிக்கர் விவகாரத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ‘ஏற்கனவே போட்டாச்சு’ என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டியது: எங்கே போட்டது? தொழிற்சாலையிலா, இங்கேயா? தொழிற்சாலையில் போட்டது கம்பெனியின் விலைப்பட்டியலில் இருக்கும். இங்கே போட்டதென்றால் ஜாப் கார்டு இருக்க வேண்டும். யார் போட்டார்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வண்டி உள்ளே போனது என்று அதில் வரும்.

என் ஃபைலில் ஜாப் கார்டு இல்லை. ஆனால் டெலிவரிக்கு முன் வண்டியைச் சோதித்த தாள் ஒன்று தவறுதலாக உள்ளே வந்துவிட்டது. அதன்படி லாரியிலிருந்து வண்டி இறங்கியது முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேல். நான் சாவி வாங்கியது மறுநாள் பதினொரு மணிக்கு. கிளவ் பாக்ஸில் இருந்த செராமிக் கோட்டிங் கையேட்டில் எழுதியிருக்கிறது: கழுவி, பாலிஷ் போட்டு, கோட்டிங் பூசி, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் காயவிட வேண்டும். ராத்திரி வெறும் காரை நிறுத்திவிட்டுக் காலையில் ஒரு குடுவை வாசனைத் திரவத்தைத் துணியில் தொட்டுத் துடைத்திருக்கிறார்கள், அல்லது அதையும் செய்யவில்லை.

நைட்ரஜன் கதை இன்னும் வேடிக்கை. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சாதாரணக் காற்றடித்த டயரிலும் அதேதான் இருக்கிறது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை, ஒரே அளவு அழுத்தத்தில் நைட்ரஜனையும் காற்றையும் டயர்களில் நிரப்பி ஒரு வருடம் சும்மா வைத்துப் பார்த்தது. நைட்ரஜன் டயரில் அழுத்தம் 2.2 பி.எஸ்.ஐ. குறைந்தது, காற்றில் 3.5. வித்தியாசம் வருடத்துக்கு 1.3. மாதம் ஒருமுறை பெட்ரோல் பங்கில் அழுத்தம் பார்ப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எனக்கு நைட்ரஜன் அடித்ததற்கு ஒரே அத்தாட்சி, டயர் வால்வில் போட்டிருந்த நான்கு பச்சைப் பிளாஸ்டிக் மூடிகள். உள்ளே என்ன இருந்ததென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அண்டர்பாடி கோட்டிங்கை, அதாவது துருப்பிடிக்காமல் இருக்கக் காரின் அடிப்பகுதியில் அடிக்கும் பூச்சை, நான் குறை சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. கடற்கரை ஓரம், பனிக்கு உப்புக் கொட்டும் சாலை, இப்படி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அது உதவலாம். ஆனால் இன்றைய கார் உடல் முழுவதையும் பெயிண்டுக்கு முன்பே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சித் துருத்தடுப்புப் பூச்சு ஏற்றித்தான் எடுக்கிறார்கள். தகடு துருப்பிடித்து ஓட்டை விழாது என்று கம்பெனியே தனியாக வாரண்டி தருவதும் வழக்கம். அதற்கு மேல் அவசரமாகத் தாரை அடித்தால் கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் துளைகள் அடைபடும். தண்ணீர் தேங்கி, வராத துருவை வரவழைத்த மாதிரி ஆகிவிடும். என் காரில் இடது பின்கதவின் துளை அப்படித்தான் அடைபட்டிருந்தது. தீக்குச்சியால் குத்தி எடுத்தேன். கண்ணாடி எட்சிங், மேட், மட் ஃப்ளாப் பற்றியெல்லாம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. வெளியே விசாரித்தாலே தெரிந்துவிடும்.

இவ்வளவையும் எப்படி ஒத்துக்கொண்டேன்? அதற்குக் காரணம் கால்குலேட்டர்.

நான் 20 முன்பணம் கட்டி, 80 கடன், ஐந்து வருடம், 9 சதவீத வட்டி என்று பேசியிருந்தேன். கண்ணாடி அறையில் இருந்தவர் 13-ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கால்குலேட்டரில் எதையோ தட்டி, அதை என் பக்கம் திருப்பி வைத்து, “பாருங்க சார், எல்லாம் சேர்த்தும் உங்க மாதத் தவணை குறையுதுதான்,” என்றார். குறைந்துதான் இருந்தது, கிட்டத்தட்ட பத்து சதவீதம். மனசுக்குள் ஒரு கணம் லாபம் என்றுகூடத் தோன்றியது, அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவர் செய்தது இவ்வளவுதான்: 80-ஐ 93 ஆக்கி, ஐந்து வருடத்தை ஏழு வருடம் ஆக்கினார். 80-க்கு ஐந்து வருடத்தில் நான் மொத்தமாகத் திருப்பிக் கட்ட வேண்டியது 99.6. 93-க்கு ஏழு வருடத்தில் 125.7. மாதம் குறைந்தது, மொத்தத்தில் 26 ஏறியது. பச்சை மூடிக்கும் ஏழு வருடம் வட்டி கட்டுகிறேன்.

அந்த 9 சதவீதமே என் தகுதிக்கு உரிய வட்டி இல்லை என்பது அடுத்த அடி. என் சொந்த வங்கியில் பிறகு விசாரித்தால் 7 சொன்னார்கள். அதே 80-ஐ அங்கே ஐந்து வருடத்துக்கு வாங்கியிருந்தால் மொத்தம் 95-இல் முடிந்திருக்கும். டீலர் வழியாகக் கடன் வாங்கும்போது வட்டியைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லி, ஏற்றியதற்கு ஏற்பக் கமிஷன் வாங்குவது பல நாடுகளில் நடந்துவந்த ஏற்பாடு. ஆஸ்திரேலியா 2018 நவம்பரிலும், பிரிட்டன் 2021 ஜனவரியிலும் இதைத் தடை செய்தன. தடை இல்லாத இடத்தில் தற்காப்பு ஒன்றுதான்: ஷோரூமுக்குப் போகும் முன்பே உங்கள் வங்கியில் வட்டி விகிதத்தை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் மாதத் தவணை பற்றி யார் பேச்செடுத்தாலும் “மொத்தம் எவ்வளவு, எத்தனை மாசம்?” என்ற ரெண்டு கேள்வியைத் தவிர வேறு பேசாதீர்கள்.

எக்ஸ்டெண்டெட் வாரண்டியிலும் ஒரு நுணுக்கம். கம்பெனி வாரண்டி முடிந்த பிறகுதான் அது வேலை செய்ய ஆரம்பிக்கும். கார் எடுக்கும் அன்றே அதைக் கடனில் சேர்த்தால், பயனே இல்லாத முதல் சில வருடங்களுக்கும் வட்டி ஓடும். பெரும்பாலும் கம்பெனி வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ள விடுகிறார்கள். தருவது கார் கம்பெனியா, பெயர் தெரியாத மூன்றாவது ஆளா என்பதையும் பாருங்கள். எனக்குக் கிடைத்தது மூன்றாவது ஆள்.

நல்ல வேளையாக அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், 60 நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் என்று பொடி எழுத்தில் இருந்தது. 43-ஆவது நாள் எழுத்தில் கொடுத்தேன். “மேனேஜர் லீவு சார்” என்று ரெண்டு முறை திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். மூன்றாம் முறை நகலில் தேதியோடு சீல் வாங்காமல் நகரவில்லை.

கோட்டிங்குக்கு ஜாப் கார்டு கேட்டு ஷோரூமுக்கும், அதே கடிதத்தைக் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்பினேன். சோதனைத் தாளின் படத்தையும் கையேட்டின் பக்கத்தையும் கூடவே வைத்தேன். போனில் கத்தியபோது அசையாதவர்கள் அந்த ரெண்டு படம் போன மூன்றாவது நாள் கூப்பிட்டார்கள். முதலில், “கொண்டுவாங்க சார், இப்பவே போட்டுத் தர்றோம்” என்றார்கள். வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்றேன். இழுத்தடித்துக் கொடுத்தார்கள்.

ஆக 13-இல் திரும்பியது 4. அதுவும் கைக்கு வரவில்லை, கடன் கணக்கில்தான் வரவானது. மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்டுக்கும் ஹேண்ட்லிங்குக்கும் எதிரே என் கையெழுத்து இருப்பதால் அதில் வாதாட எனக்கு வழியில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். கடனைச் சொந்த வங்கிக்கு மாற்றும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் எவ்வளவு என்று கேட்டு மூன்று வாரமாகிறது, பதில் இல்லை.

போன வாரம் மச்சானுக்குக் கார் பார்க்கப் போனோம், வேறு ஷோரூம். விலை பேசி முடித்ததும், “இதுக்கு மேல ஒரு பைசா எதுக்கும் கிடையாது, பேக்கேஜ் எதுவும் போடக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, அட்வான்ஸ் கட்றோம்,” என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உள்ளே போய், இருபது நிமிடம் கழித்து எழுதிக் கொண்டுவந்தார். டெலிவரிக்கு மச்சான் தனியாகத்தான் போகப் போகிறார். பிள்ளைகள் வீட்டில் இருக்கட்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.