வால்மீனுக்கு 100 கோட்டுக் கீற்றணி: வாங்கலாமா?

வீட்டு டெலஸ்கோப்பில் வால்மீனின் வாயுவைப் பிரித்துப் பார்க்க ஆகக் குறைந்த செலவில் கிடைப்பது, மில்லிமீட்டருக்கு 100 கோடு போட்ட கீற்றணி, அதாவது வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கும் கண்ணாடி (diffraction grating). ஒன்றேகால் அங்குல ஃபில்டர் வளையத்துக்குள் அடங்கிவிடும். கேமராவின் மூக்கில் திருகினால் போதும் என்பார்கள். வேலையே அதற்குப் பிறகுதான்.

முதலில் தூரம். கீற்றணியிலிருந்து சென்சாருக்கு 50 மி.மீ. வைத்தால், 3.75 மைக்ரான் பிக்சல் ஒன்றுக்கு 0.75 நானோமீட்டர் அலைநீளம் வரும். 4.8 மி.மீ. அகல சென்சாரின் ஒரு ஓரத்தில் வால்மீனின் நேர் பிம்பம் (நிறம் பிரியாமல் நேராக விழுவது) நின்றால் மறு ஓரத்துக்குள் 920 நானோமீட்டர் வரை அடங்கும். 60 மி.மீ. ஆக்கினால் 800-லேயே சுவர் இடிக்கும். எனவே இந்தத் தூரத்தைச் சரிசெய்யும் ஸ்பேசர் வளையத்தையும் சேர்த்தே வாங்குங்கள். நேர் பிம்பத்தின் இரண்டு பக்கமும் விழும் நிறமாலையில் ஒன்றுதான் பளிச்சென்றிருக்கும். அந்தப் பக்கம் உள்ளே விழும்படி திருப்பி இறுக்கவும்.

பலர் ஏமாறுவது குவியத் தூரத்தில். இதில் வெளிச்சத்தை மெல்லிய கோடாக்கும் பிளவு (slit) கிடையாது. வால்மீனின் தலை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குக் கோடுகள் பூசிக்கொள்ளும். 1000 மி.மீ. குவியத் தூரத்தில் ஒரு ஆர்க்நிமிட (பாகையில் அறுபதில் ஒன்று) அகலத் தலை 0.29 மி.மீ. விழும், அது 58 நானோமீட்டர் பூச்சு. இரட்டைக் கார்பன் (C2) வாயுவின் பட்டைகளோ 474, 516, 563 என்று 40-க்குச் சற்று மேலே இடைவெளி விட்டு நிற்பவை. மூன்றும் ஒரே மேடாகிவிடும். 400 மி.மீ. குழாயில் பூச்சு 23-தான். பட்டைகள் தனித்தனியே நிற்கும். பெரிய டெலஸ்கோப் வைத்திருப்பவருக்கு இது கசக்கும், ஆனால் இந்த வேலைக்கு 80 மி.மீ. எஃப்/5 (400 மி.மீ. குவியத் தூரம்) போதும். வாலுக்குக் குறுக்காக நிறமாலை விரியும்படி கேமராவைத் திருப்ப மறக்காதீர்கள். படங்களை அடுக்கும்போது நட்சத்திரத்தை அல்ல, வால்மீனை வைத்து ஒட்டவும். பிறகு சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தின் நிறமாலையை அளவு பொருத்திக் கழித்தால் தூசி திருப்பியனுப்பும் வெயில் போய், வாயு மிஞ்சும்.

அகச்சிவப்புக்கு ஆசைப்பட்டால், அகச்சிவப்பை வெட்டும் ஃபில்டர் இல்லாத கறுப்பு வெள்ளைக் கேமரா வேண்டும். கீற்றணி இரட்டிப்புத் தூரத்தில் இன்னொரு மங்கலான நிறமாலையும் போடும்; 400 நானோமீட்டரின் அந்த இரண்டாம் வரிசை 800-இல் வந்து உட்காரும். 685-க்குக் கீழே வெட்டும் ஃபில்டர் போடாமல் அங்கே எதையும் நம்பாதீர்கள். போட்டால் வெளிச்சமான வால்மீனில் 790, 920 அருகே சயனோஜன் (CN) வாயுவின் சிவப்புப் பட்டைகளைத் தேடலாம். 1 மைக்ரானோடு (1000 நானோமீட்டர்) கேமராவின் சிலிக்கான் சென்சார் கண்ணை மூடிக்கொள்ளும்.

உண்மையான விருந்து அதற்கு அப்பால்: தண்ணீர் 2.7 மைக்ரான், கார்பன் டை ஆக்சைடு 4.26, கார்பன் மோனாக்சைடு 4.67, சிலிகேட் தூசி 10. கார்பன் டை ஆக்சைடை நம் காற்றே முழுக்க விழுங்கிவிடும். 2025 ஆகஸ்டில் 3ஐ/அட்லஸ் வால்மீனில் அது தண்ணீரைப் போல ஏறக்குறைய 8 மடங்கு என்று கண்டது விண்வெளியில் இருக்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. 10 மைக்ரானிலோ, நெல்லை வெக்கையில் கிடக்கும் குழாயே தன் சூட்டில் விளக்காய் எரியும். இதற்கெல்லாம் கீற்றணியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஊர் விஷயம். அம்பாசமுத்திரம், களக்காடு மலையடிவாரத்தில் சாயங்கால வால்மீனைத் தேடாதீர்கள். மேற்கே மலை முன்னாலேயே விழுங்கிவிடும். விடியற்கால வால்மீனுக்கு உவரிக் கடற்கரை நல்ல கிழக்கு. ஆனி, ஆடிக் காற்றில் ராதாபுரம் பக்கம் ஸ்டாண்டு நிற்காது. தை, மாசியே தோது. திசையன்விளை தேரி மணலுக்குப் பயந்து, கோட்டுப் படலத்தின் மேல் கண்ணாடி மூடி உள்ள ரகத்தையே வாங்குங்கள். மூடியில்லாததை ஒருமுறை துணியால் துடைத்தால் கோடு போயிற்று, ஊதுபந்து மட்டும்தான்.