புளிக்கு மூன்று ஜாடி வாங்கினேன், ஒரு வருஷம் ஆயிற்று

காரைக்குடிக்கு யார் வந்தாலும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போகாமல் திரும்புவதில்லை. பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. மங்குத் தட்டு, பித்தளைக் கூஜா, நிலைக்கதவு, தூண், யார் வீட்டுத் தாத்தாவோ தெரியாத போட்டோ என்று எல்லாம் கிடைக்கும். வாங்குகிறவர்கள் ஹாலில் அழகுக்கு வைப்பதற்குத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். நான் போனது புளி போட்டு வைக்க. கடைக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

மேல்பாதி காப்பிக் கலர், கீழ்ப்பாதி வெள்ளை, அந்தக் காலப் பீங்கான் ஜாடி இருக்கிறதே, அதில் மூன்று வாங்கினேன். பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, சின்னது ஒன்று. கேட்டது 3,200, கொடுத்தது 2,300. போன பங்குனியில் வாங்கியது, இப்போது முழுசாக ஒரு வருஷம் புழங்கியாயிற்று. அதனால்தான் எழுதுகிறேன். வாங்கின மறுநாளே ‘சூப்பர்’ என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஏன் இந்த வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஐந்து பேர். அதற்கு முந்தின தையில் ஒரு மாதம் எல்லாச் செலவையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். பால், கேஸ், கரண்ட், ஸ்கூல் வேன் எல்லாம் ஓரளவு தெரிந்த கணக்கு, அதில் பெரிதாகக் குறைக்க வழியில்லை. திகைக்க வைத்தது மளிகைதான். மாதச் சாமான் போட்டது போக, இடையிடையே மட்டும் எட்டுத் தடவை கடைக்குப் போயிருக்கிறோம். புளி தீர்ந்துவிட்டது, மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது, ஊறுகாய் இல்லை. 50 ரூபாய்ப் பாக்கெட் புளிக்குப் போனவர் (என் வீட்டுக்காரர்தான்) பிஸ்கட், சிப்ஸ், ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ ஷாம்பு என்று 310 ரூபாய் பில்லோடு வந்திருக்கிறார். அன்றைக்குப் புளி வாங்க மறந்தும் போயிருக்கிறார்.

இதைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் புலம்பினேன். அவர் வீடு பழைய வீடு. வளவைத் (நடு முற்றத்தை) தாண்டி இரண்டாம் கட்டில் ஒரு சாமான் அறை உண்டு, உள்ளே நுழைந்தால் இன்றைக்கும் புளியும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை வரும். ஆம்பளைகள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டு விற்க, அதாவது வியாபாரத்துக்கு, போய் வருஷக்கணக்கில் திரும்பாத காலத்தில், வீட்டிலிருந்த பெண்கள் வருஷத்துச் சாமானை ஒரே மூச்சாக வாங்கிக் காயவைத்து, ஜாடியிலும் டின்னிலும் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். “புளியைப் போயி பாக்கெட்டுல வாங்குவாகளா?” என்றார் ஆச்சி. அவ்வளவுதான், கிளம்பிவிட்டேன்.

சரி, ஜாடிக்கு வருவோம்.

பெரியதில் புளி. மாசி, பங்குனியில் புதுப்புளி வந்துவிடும், அப்போதுதான் விலை இறங்கி இருக்கும். வாரச்சந்தையில் கொட்டையோடு கிலோ 70 என்று 20 கிலோ வாங்கினேன். ஓடும் நாரும் கொட்டையும் போக எனக்கு நின்றது 12 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கொட்டை எடுப்பது லேசான வேலை இல்லை, அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மூன்று நாள் சாயங்காலம், நானும் மாமியாரும் அருவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, விரல் நகமெல்லாம் கறுத்துப்போய், முதுகு பிடித்து. கொட்டையில் ஒரு படி பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி ஆட எடுத்து வைத்துவிட்டு மீதியை எடைக்குப் போட்டோம். பெரிதாக ஒன்றும் வரவில்லை, அன்றைக்கு டீ செலவுக்கு ஆனது. எடுத்த புளியை மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு, அடியில் ஒரு கை கல் உப்பு, மேலே ஒரு அடுக்குப் புளி, மறுபடி உப்பு என்று இறுக அமுக்கி அமுக்கி வைத்து, வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மேலே மூடி. ஈரக் கை படக்கூடாது. எடுப்பதற்கு என்று ஒரு மரக்கரண்டி, அதை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம்.

இந்த வேலைக்கு ஜாடி ஏன் வேண்டும், எவர்சில்வர் டப்பா போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். புளியும் உப்பும் சேர்ந்தால் உலோகத்தை மெல்ல அரித்துவிடும், அலுமினியம் என்றால் கேட்கவே வேண்டாம். எவர்சில்வரிலேகூட மாதக்கணக்கில் கிடந்தால் புள்ளி புள்ளியாகக் குழி விழும். பிளாஸ்டிக் வாளியில் வைத்தால் வாடை பிடிக்கிறது, உள்ளே வேர்த்தும் விடுகிறது. பீங்கானுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஐப்பசி மழையிலும் புளி கசியவில்லை. தைக்கு மேல் நிறம் கறுத்துப் பழம்புளி ஆகிவிட்டது, வத்தக்குழம்புக்கு அதுதான் ருசி. வெண்டைக்காய் மண்டிக்கு (அரிசி கழுவின தண்ணீரில் புளி விட்டு வைப்பது) கொஞ்சம் நிறம் கூடிப்போகிறது, அது ஒரு குறை என்றால் குறை.

நடுத்தர ஜாடிதான் என்னை ஏமாற்றியது. அதில் 50 எலுமிச்சம்பழம் வாங்கி நறுக்கி உப்பு ஊறுகாய் போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ஜாடியின் இடுப்பில் வெளியே வெள்ளையாக மாவு பூத்த மாதிரி ஒரு கோடு. துடைத்தேன். நாலு நாளில் மறுபடி அதே இடத்தில் அதே கோடு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. மயிரிழை போல ஒரு விரிசல் இருந்திருக்கிறது, அது வழியாக உப்புத் தண்ணீர் கசிந்து காய்ந்து வெளியே பூத்திருக்கிறது. உள்ளே பாதிப் பழம் வறண்டு, மேலே பூஞ்சை. கொட்டிவிட்டேன், மனசு கேட்கவில்லை, ஆனாலும் கொட்டிவிட்டேன். கடைக்குப் போய்ச் சொன்னால், “பழைய சாமான்ல திருப்பி வாங்குறது இல்லக்கா, பார்த்துத்தானே எடுத்தீக?” என்றார். பார்த்துத்தான் எடுத்தேன், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் பார்த்திருக்கிறேன்.

இப்போது தெரியும், நீங்கள் வாங்கப் போனால் இதைச் செய்யுங்கள். ஜாடியைத் தரையில் வைக்காமல் ஒருவர் வாய் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொள்ள, இன்னொருவர் விரலை மடக்கித் தட்ட வேண்டும். ‘ணங்’ என்று மணி மாதிரி வந்தால் நல்லது. ‘தொப்’ என்று அடங்கினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். செல்போன் டார்ச்சை உள்ளே விட்டு வெளியிலிருந்து பாருங்கள். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பேப்பர் மேல் கால் மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள், முணுமுணுத்தாலும் வைப்பார்கள். வாயில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் பரவாயில்லை, அதைக் காட்டியே 200 ரூபாய் குறைக்கலாம், பெரிய ஜாடியில் நான் அப்படித்தான் குறைத்தேன். ஆனால் உள்பக்கம் மெருகு உரிந்திருந்தாலோ வண்ணப் பூ போட்டிருந்தாலோ, புளி, ஊறுகாய் எதையும் அதில் போடாதீர்கள். பழைய மெருகிலும் சாயத்திலும் ஈயம் இருக்கலாம், புளிப்புப் பட்டால் அது சாமானில் இறங்கும். சிக்கனம் பார்க்கப் போய் ஆஸ்பத்திரிக்குச் செலவழித்த கதையாகிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவுகிறேன் என்று கிளம்பாதீர்கள், வெடித்துவிடும். அரிசி கழுவின தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்தால் போதும்.

சின்ன ஜாடியில் கல் உப்பு. அழகாக இருக்கிறது. அதனால் பணம் மிச்சம் என்று ஒன்றும் இல்லை.

ஊறுகாய்க்கு அப்புறம் பாத்திரக்கடையில் புது ஜாடி ஒன்று 450-க்கு வாங்கினேன், சித்திரையில் மாங்காய் போட்டேன். அது கெடாமல் நின்றது. முன்பு ஊறுகாய் மாதம் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தோம், பாட்டில் 95. இப்போது வாங்குவதே இல்லை.

மிளகாய் ஜாடிக்குள் போகாது, டின்தான், ஆனாலும் இதே கணக்கில் சேர்ந்ததால் சொல்கிறேன். இங்கே குழம்புக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய்தான் நிறமும் ருசியும் கொடுக்கும், 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கியாயிற்று. அதுவும் மாசி, பங்குனியில்தான் வரத்து. ஆறு கிலோ வாங்கிக் காம்பு கிள்ளி, முறுகக் காயவைத்து வைத்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மல்லி, சீரகம், சோம்பு, மிளகு சேர்த்து வறுத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்கிறோம். மொத்தமாக அரைத்து வைத்தால் வாசனை போய்விடும். மில்லில் நமக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை எங்கள் குழம்புத்தூளில் யார் வீட்டுச் சீயக்காயோ கலந்து வந்தது.

அப்புறம் பருப்பு. அதில் நான் செய்தது முட்டாள்தனம். ஆச்சி வீட்டில் வைப்பார்கள் என்று நானும் 15 கிலோ துவரம் பருப்பு வாங்கினேன், அவர்கள் விளக்கெண்ணெய் தடவிக் காயவைத்து வைப்பார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளாமல். ஆடியில் திறந்தால் வண்டு. நாலு கிலோ போச்சு. ரேஷனில் மாதம் ஒரு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, மேற்கொண்டு தேவைப்படுவதை மாதாமாதம் வாங்கினால் போதும். அரிசியும் அப்படியே, வருஷத்துக்கு வாங்க எங்கள் வீட்டில் இடம் கிடையாது. 26 கிலோ சிப்பமாக வாங்குகிறேன். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள் இல்லையா, அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த ஒரு கிலோ அதிகம். அரசாங்கத்தைவிட அரிசி ஆலைக்காரர் ஒரு கிலோ முன்னால் நிற்கிறார்.

கணக்கு கேட்பீர்கள். புளியில் பாக்கெட் விலையோடு பார்த்தால் சுமார் 1,000 ரூபாய் மிச்சம், மிளகாயில் 500, ஊறுகாயில் மாங்காய், எண்ணெய், புது ஜாடி எல்லாம் போக 900. ஆக 2,400. ஜாடி மூன்றுக்கும் கொடுத்தது 2,300, ஆட்டோ 80, வண்டு தின்ற பருப்பும் கொட்டின எலுமிச்சையும் தனி. முதல் வருஷம் கைக்கும் வாய்க்கும் சரி, உண்மையில் கொஞ்சம் கைநட்டம்தான்.

ஆனால் நோட்டில் இன்னொரு கணக்கு இருக்கிறது. இடையிடையே கடைக்குப் போவது எட்டிலிருந்து மூன்றாகிவிட்டது. அந்தச் சில்லறை பில்கள் மாதம் 700, 800 ரூபாய் குறைந்திருக்கின்றன. புளி மலிவாகக் கிடைத்ததால் வந்த பணம் இல்லை இது, புளி வாங்கக் கடைக்குள் கால் வைக்காததால் நின்ற பணம். ஜாடியை விற்றவருக்கும் இது தெரியாது, ஆச்சிக்கும் தெரியாது, அவர் காலத்தில் டிராலி தள்ளுகிற கடை ஏது.

எல்லாருக்கும் ஒத்துவருமா என்றால், வராது. பங்குனியில் ஒரே மாதத்தில் ஐயாயிரம், ஆறாயிரம் கையைவிட்டுப் போகும். எனக்குச் சீட்டுப் பணம் அந்த நேரம் வந்ததால் சமாளித்தேன். நகையை வைத்தோ கிரெடிட் கார்டைத் தேய்த்தோ புளி வாங்கினால் வட்டி மிச்சத்தைத் தின்றுவிடும். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு, மொட்டை மாடி இல்லாத வீடு, வெயிலில் போட்டதை மழைக்கு எடுக்கப் பகலில் ஆள் இல்லாத வீடு என்றால் வேண்டாம், அரை கிலோவாகவே வாங்குங்கள். எங்கள் வீட்டில் மாமியார் இல்லையென்றால் இது நடந்தே இருக்காது.

கடைகளைப் பற்றி: சனி, ஞாயிறு போகாதீர்கள், வெளியூர்க் கார்கள் நிற்கிற நாளில் விலை இறங்காது. ‘ஆன்டிக்’ என்ற சொல்லை உங்கள் வாயால் சொல்லாதீர்கள், ‘ஊறுகாய் ஜாடி’ என்று கேளுங்கள். முன்வரிசையில் துடைத்து அடுக்கியிருப்பதை விட்டுவிட்டு, பின்னால் தூசியோடு கிடக்கிறதைப் பாருங்கள். கேட்ட விலையில் மூன்றில் இரண்டு பங்கில் ஆரம்பியுங்கள்.

விரிசல் விட்ட ஜாடி வாசலில் இருக்கிறது, கற்றாழை வைத்திருக்கிறேன். இந்தப் பங்குனிக்குப் புளிக்கு இன்னொரு பெரிய ஜாடி வேண்டும், என் நாத்தனாரும் பங்கு சேர்கிறேன் என்கிறாள். ஆச்சி சாமான் அறையில் ஒன்று சும்மாதான் கிடக்கிறது, தட்டிப் பார்த்தேன், கோயில் மணி மாதிரி சத்தம். விலைக்குத் தருவீர்களா ஆச்சி என்று கேட்டேன். ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.