இரண்டு குளிர்காலம் பார்த்த வெல்வெட் திரைச்சீலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் வீடு கதகதப்பாகவும் பார்க்கக் களையாகவும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், குஷன், மெழுகுவர்த்தி, சர விளக்கு என்று சின்னச் சின்னதாக வாங்கிக் குவிக்காமல், அந்தக் காசைச் சேர்த்து வைத்து லைனிங் (பின்பக்கம் வைத்துத் தைக்கிற துணி) போட்ட கனமான வெல்வெட் திரைச்சீலை ஒரு ஜோடி வாங்குங்கள். நான் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் இதற்கு வந்தேன். இப்போது இரண்டு குளிர்காலம் முடிந்துவிட்டது, அதனால் நல்லது கெட்டது இரண்டையும் தைரியமாக எழுத முடிகிறது.

எங்கள் முன்னறையில் சோபா பெரிய ஜன்னலை ஒட்டி இருக்கிறது. ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனாலும் அங்கே உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பிடரியில் ஜில்லென்று ஏதோ ஊரும், ஆளாளுக்குப் போர்வையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விடுவார்கள். ஜன்னலில் இடுக்கு இருக்கிறது என்று நினைத்து டேப் எல்லாம் ஒட்டினேன், பிரயோஜனமில்லை. காரணம் கண்ணாடிதான். குளிர்ந்த கண்ணாடியைத் தொடுகிற காற்று தானும் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கி, தரையோடு தரையாக அறைக்குள் வருகிறது. போதாததற்கு நம் உடம்புச் சூடும் அந்தக் கண்ணாடியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. அறையின் வெப்பநிலை சரியாகவே இருந்தாலும் ஜன்னல் பக்கத்துத் தோள் மட்டும் சில்லிடுவது இதனால்தான்.

நான் வாங்கியது மூன்று அடுக்கு. முன்னால் பருத்தி வெல்வெட், நடுவில் கம்பளம் போலத் தடித்த ஒரு துணி, பின்னால் சாதாரண லைனிங். அந்த நடு அடுக்கில்தான் விஷயமே இருக்கிறது. தயவுசெய்து காசு மிச்சம் என்று அதை விட்டுவிடாதீர்கள். திரையின் மடிப்புகள் பருமனாக, உருண்டு திரண்டு விழுவது அதனால்தான், குளிரை அதிகம் தடுப்பதும் அதுதான். மெல்லிய வெல்வெட்டை மட்டும் தொங்கவிட்டால் பகல் வெளிச்சத்தில் அது என்ன துணி என்று தெரிந்துவிடும்.

அளவு விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். திரை மாட்டுகிற கம்பி 180 சென்டிமீட்டர் என்றால் திரையின் மொத்த அகலம் 360 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், முடிந்தால் இரண்டரை மடங்கு. கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு மேலேயே அடிக்காமல் கூரைக்குக் கிட்டே உயர்த்தி அடியுங்கள், துணி தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். அறை ஒரு முழம் உயர்ந்த மாதிரி இருக்கும். அப்புறம், மேலே திறந்திருக்கிற இடைவெளி. சூடான காற்று அந்த வழியாகத் திரைக்குப் பின்னால் போய்க் கண்ணாடியில் குளிர்ந்து அடியில் வெளியே வரும், அதாவது இவ்வளவு செலவு செய்தும் பழைய கதைதான். நான் ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி மாதிரி செய்து, அதே துணியைச் சுற்றிக் கம்பிக்கு மேலே மூடிவிட்டேன். அரை நாள் வேலை, ஆனால் அதைப் போட்ட அன்று இரவே சோபாவில் வித்தியாசம் தெரிந்தது.

நிறம் அரக்கு. அதில் ஒரு தகராறு நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு துண்டையும் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் ஒன்று ஆழ்ந்த அரக்காகவும் மற்றது வெளுத்துப்போன செங்கல் மாதிரியும் இருந்தது. வேறு வேறு சாயத் தொகுதியில் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு கையால் தடவிப் பார்த்தபோதுதான் புரிந்தது. வெல்வெட்டின் ரோமத்துக்கு ஒரு திசை உண்டு, பூனையின் முதுகைப் போல ஒரு பக்கம் வழவழவென்று போகும், எதிர்ப் பக்கம் தடுக்கும். ரோமம் மேல்நோக்கி நின்றால் நிறம் ஆழமாகத் தெரியும், கீழ்நோக்கிப் படிந்தால் வெளிறிப் பளபளக்கும். ஒரு துண்டைத் தலைகீழாகத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், இரண்டு வாரம் இழுத்தடித்து மாற்றிக் கொடுத்தார்கள். உங்களுக்குத் திரை வந்தவுடன் முதல் வேலையாக இரண்டு துண்டையும் தடவிப் பாருங்கள்.

பெட்டியில் மடித்து வருவதால் கோடு விழுந்திருக்கும். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் ரோமம் நசுங்கிப் பளபளவென்று தடம் விழுந்துவிடும், அப்புறம் அதைச் சரிசெய்வது கஷ்டம். தொங்கவிட்டு, பின்பக்கத்திலிருந்து ஆவி மட்டும் காட்டினால் போதும், நான்கைந்து நாளில் தானாகவே இறங்கிவிடுகிறது.

இனி குறைகள். பெரிய குறை ஈரம். ராத்திரி திரையை மூடினால் கண்ணாடி இன்னும் அதிகமாகக் குளிர்கிறது, அறைக்காற்றில் இருக்கிற ஈரம் அங்கே போய் நீராகிப் படிகிறது. காலையில் திரையை விலக்கினால் கண்ணாடியின் அடியில் வரிசையாக நீர்த்துளிகள், ஜன்னல் மேடையில் ஒரு சின்னக் குட்டை. முதல் மாதம் நான் கவனிக்கவில்லை, லைனிங்கின் கீழ் ஓரத்தில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை வந்துவிட்டது. இப்போது தினமும் காலையில் ஒரு துணியால் துடைத்துவிட்டுத் திரையை முழுதாக விலக்கி வைக்கிறேன், பிரச்சினை இல்லை. தினம் இதைச் செய்ய உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்தது தூசி. வெல்வெட் தூசியை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, வாரம் ஒரு தடவை மென்மையான பிரஷ் மாட்டிய வாக்குவம் கிளீனரால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். எங்களுடையதை வீட்டில் துவைக்க முடியாது, டிரை கிளீனிங் மட்டுமே. ஜன்னலுக்கு அடியில் ஹீட்டர் இருக்கிற வீட்டில் தரைவரை திரை போட்டால் சூடு முழுவதும் கண்ணாடிப் பக்கம் போய்விடும், துணிக்கும் ஆபத்து. அவர்களுக்கு இது சரிவராது.

திரையை மாட்டிய பிறகு விளக்கையும் மாற்ற வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் இருந்தது 6500 கெல்வின் வெள்ளை பல்பு (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறையக் குறைய மஞ்சளாகும்), அதில் அரக்கு நிறம் சாம்பல் பூத்த மாதிரி செத்துக் கிடந்தது. 2700 கெல்வினுக்கு மாற்றினேன், அது பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம், துணியின் ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் விழுந்து உயிர் வந்துவிட்டது. பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கான அளவு அது, 90க்கு மேல் இருந்தால் சிவப்பு நிறங்கள் நன்றாகத் தெரியும். நடுக்கூரை விளக்கை மாலையில் போடுவதே இல்லை. 450 லூமன் (வெளிச்சத்தின் அளவு) பல்பு மூன்றை, தோள் உயரத்துக்குக் கீழே மூன்று மூலைகளில் வைத்திருக்கிறேன், அதுவே தாராளம்.

போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் வாங்கியது பாலியெஸ்டர், படத்தில் ராஜ களையாக இருந்தது, வீட்டில் உடம்பைத் தொட்டால் சுரீரென்று மின்சாரம் அடித்தது, அரை மணி நேரத்தில் வியர்த்துப் புழுங்கியது. பிறகு மெரினோ என்கிற செம்மறியாட்டு வகையின் மெல்லிய கம்பளிக்கு மாறினேன். கம்பளி தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஈரமாகத் தெரியாமலே உள்ளே வாங்கிக்கொள்ளும், அதனால் புழுக்கம் இல்லை. கம்பளி என்றாலே அரிக்கும் என்று பயப்படுகிறவர்கள் இழையின் தடிமனைப் பாருங்கள், 20 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அரிக்காது. தரை விரிப்பு, குஷன் எல்லாம் உங்கள் இஷ்டம், அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மெழுகுவர்த்தியை மட்டும் இந்தத் திரை இருக்கிற அறையில் ஏற்றவே மாட்டேன்.

மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்தத் திரையின் விலை வராது, அது உண்மை. சின்ன ஜன்னல் இருக்கிற வீட்டுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. எங்களைப் போலப் பெரிய கண்ணாடியோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். படுக்கையறைக்கும் ஒரு ஜோடி சொல்லிவிட்டேன், வேறு இடத்தில்தான். இந்தத் தடவை ஆர்டர் தாளிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்: இரண்டு துண்டிலும் ரோமம் மேல்நோக்கி.