அடித்தள ஃப்ளாட்காரர் மாடிக் கதவுக்குப் பணம் தர வேண்டுமா?

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வீடு ஒன்று நான்கு ஃப்ளாட்டாகப் பிரிந்திருக்கிறது. நான்கு பேரும் கம்பெனி தொடங்கி ஃப்ரீஹோல்டை, அதாவது நிலத்துக்கும் கட்டடத்துக்குமான முழு உரிமையை, வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடித்தள ஃப்ளாட்டுக்குத் தெருவிலிருந்தே தனி வாசல். மற்ற மூன்றும் பொதுப் படிக்கட்டுப் பக்கம் திறக்கின்றன. தீ அபாய மதிப்பீட்டாளர் அந்த மூன்று வாசல் கதவுகளையும் மாற்றச் சொல்கிறார். கூலியோடு கதவுக்கு 1,400 பவுண்டு என்று கணக்குக்கு வைத்தால் மொத்தம் 4,200.

"ஃப்ரீஹோல்டில் கால் பங்கு, செலவிலும் கால் பங்கு" என்பார்கள். அவசரப் பதில் இது. பங்கு வாங்கினாலும் ஒவ்வொருவரும் லீஸ்தாரர்தான், அதாவது தன் ஃப்ளாட்டை நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தத்தில் (லீஸ்) வைத்திருப்பவர். கடமையைச் சொல்வது சட்டம், செலவைச் சொல்வது லீஸ். 2005ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு ஆணைக்குள் ஃப்ளாட் வாசல் கதவும் அடங்கும் என்று 2021ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்புச் சட்டம் தெளிவாக்கியது. இங்கிலாந்தில் அது 2022 மே 16 முதல் நடப்பில் உள்ளது. பொறுப்பாளர் என்ற முறையில் ஃப்ரீஹோல்ட் கம்பெனிக்குக் கடமை உண்டு. பில் யார் பெயருக்கு என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கதவு ஃப்ளாட்டின் பாகம் என்று லீஸ் எழுதியிருந்தால், மூவரும் தலைக்கு 1,400 தருவார்கள், அடித்தளத்துக்குச் செலவில்லை. சர்வீஸ் சார்ஜ் (பொதுச் செலவுக்கு லீஸ்தாரர்களிடம் வசூலிக்கும் பணம்) அல்ல என்பதால், வேலைக்கு முன் அவர்கள் கருத்தைக் கேட்கும் கலந்தாலோசனை நோட்டீசும் வேண்டாம். காசு விஷயத்தில் சுலபம். தரத்தில்தான் இந்த வழி சறுக்கும். ஒருவர் சான்றிதழ் உள்ள கதவு வாங்குவார், இன்னொருவர் நல்ல தடிமனாக இருக்கிறதே என்று ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து பழைய நிலையிலேயே மாட்டுவார். ஒருவர் மறுத்தால், சட்டப்படியான தேவைகளை லீஸ்தாரர் நிறைவேற்ற வேண்டும் என்ற உட்பிரிவைக் காட்டிக் கம்பெனி தன் பங்காளி மேலேயே நடவடிக்கை எடுக்க வேண்டிவரும்.

கதவு கம்பெனியுடையது, சர்வீஸ் சார்ஜில் பிரிக்கலாம் என்று லீஸ் சொன்னால், சமப் பங்கில் தலைக்கு 1,050. அடித்தளக்காரரும் தர வேண்டும். கூரை ஒழுகும்போது அவர் தருவது போலத்தான். ஆனால் இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு.

ஒன்று, "பழுதுபார்த்தல்" என்ற சொல். கதவு உடையவில்லை, இன்றைய தரத்துக்குப் போதவில்லை, அவ்வளவுதான் என்றால் அது பழுதா, மேம்பாடா? மேம்பாட்டுக்கோ சட்டத்துக்கு இணங்கும் செலவுக்கோ லீஸில் இடமில்லையென்றால் வசூல் தடுமாறும். இரண்டு, 1985ஆம் ஆண்டு வீட்டுடைமையாளர் - குத்தகைதாரர் சட்டத்தின் 20ஆம் பிரிவு கேட்கும் கலந்தாலோசனை. எந்த ஒரு லீஸ்தாரருக்கும் 250 பவுண்டுக்கு மேல் வரும் வேலை என்றால் முதல் நோட்டீசுக்கு 30 நாள். பிறகு குறைந்தது இரண்டு விலை மதிப்பீடுகள், அதில் ஒன்றாவது கம்பெனியோடு தொடர்பில்லாதவரிடமிருந்து. அதற்கு மறுபடி 30 நாள். "நாமெல்லாம் தெரிந்தவர்கள்தானே" என்று இதைத் தாண்டிவிட்டால், ட்ரிப்யூனல் (இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம்) விலக்கு தராதவரை தலைக்கு 250 மட்டுமே வசூலிக்கலாம். 4,200இல் 1,000 வரும். மீதி 3,200க்குக் கம்பெனியிடம் ஏது பணம்? செலவான 18 மாதத்துக்குள் பில்லோ எழுத்து மூல அறிவிப்போ போகவில்லையென்றாலும் வசூல் போச்சு.

லீஸ் வாய் திறக்கவில்லையென்றால், பங்குதாரர்கள் பேசி ஒப்புக்கொள்ளலாம். நால்வரும் கையெழுத்திட்டால் வேகமான வழி இதுதான். நாளை ஒருவர் விற்றால் வாங்குபவரை அந்தத் தாள் கட்டுப்படுத்தாது. ஒப்புக்கொள்ளும் மனநிலை இருக்கும்போதே லீஸைத் திருத்திக்கொள்வது நல்லது. 1987ஆம் ஆண்டு வீட்டுடைமையாளர் - குத்தகைதாரர் சட்டத்தின் 37ஆம் பிரிவில், எட்டு லீஸ் வரையுள்ள கட்டடத்தில் ஒருவர் மறுத்தாலும் திருத்தத்துக்கு ட்ரிப்யூனலை நாடலாம்.

2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். செலவு லீஸ்தாரர் தலையில் விழாமல் அது தரும் பாதுகாப்பு 11 மீட்டர் உயரம் அல்லது ஐந்து மாடி முதல்தான். லீஸ்தாரர்களே ஃப்ரீஹோல்ட் வைத்திருக்கும் கட்டடத்துக்கு அதுவும் இல்லை.

பில் யாருடையதானாலும் ஆர்டரைக் கம்பெனியே ஒன்றாகக் கொடுப்பது மேல். கேட்க வேண்டியது: கதவும் நிலையும் சேர்ந்த எஃப்டி30எஸ் செட், அதாவது 30 நிமிடத் தீத்தாங்கல், புகைத்தடுப்புப் பட்டையோடு. சூட்டில் பொங்கும் பட்டை, சான்றிதழ் உள்ள மூன்று கீல்கள், எந்தக் கோணத்தில் விட்டாலும் கொண்டியில் விழும்வரை மூடும் குளோசர், உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் பூட்டு. பக்கங்களிலும் மேலேயும் இடைவெளி 2 முதல் 4 மில்லிமீட்டர். தபால் துளையைப் பிறகு வெட்டினால் சான்றிதழ் செல்லாமல் போகலாம். நிலைக்கும் சுவருக்கும் நடுவே கண்ட ஃபோமையும் அடிக்க விடாதீர்கள்; கதவோடு வரும் பொருத்துக் குறிப்பு எதைச் சொல்கிறதோ அதுவே.

அதற்கும் முன்னால் மதிப்பீட்டாளரிடம் ஒரு கேள்வி: பழைய கனமான மரக்கதவுக்குப் பட்டையும் குளோசரும் போட்டால் போதாதா? சிறு கட்டடங்களில் பல நேரம் போதும். கதவுக்குச் சில நூறு பவுண்டோடு முடிந்தால், அடித்தளக்காரரோடு சண்டையிடக் காரணமே இருக்காது.