குழந்தை இதய அறுவை: கடினமானதும் ஆபத்தானதும் ஒன்றா?

இரண்டு அறுவைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, இடம் மாறி அமைந்த இரு பெருந்தமனிகளை வெட்டி மாற்றித் தைக்கும் தமனி மாற்று அறுவை. இதயத் தசைக்கே ரத்தம் தரும், ஓரிரு மில்லிமீட்டரே இருக்கும் கரோனரி நாளங்களையும் பெயர்த்தெடுத்துப் புது இடத்தில் பொருத்த வேண்டும். இரண்டாவது பி.டி. (பிளேலாக்-டாசிக்) ஷன்ட். நுரையீரலுக்கு ரத்தம் போதாமல் நீலம் பாரித்த குழந்தையின் கைக்குப் போகும் தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கு 3.5 மி.மீ. போல ஒரு சின்னக் குழாய் வைப்பது, அவ்வளவுதான்.

இத்தகைய அறுவைகளைச் சிரமம் அல்லது அபாயப்படி தரம் பிரிக்கும் முறைகள் உண்டு; எண் கூடினால் சிரமமோ அபாயமோ அதிகம். அவற்றில் 2004-இல் வந்த அரிஸ்டாட்டில் முறை தமனி மாற்றுக்கு 10 மதிப்பெண்ணும் ஷன்டுக்கு 6.3-ம் தருகிறது. 2009-இன் ஸ்டாட் முறையில் இது தலைகீழ்: தமனி மாற்று 3-ஆம் வகை, ஷன்ட் 4-ஆம் வகை. அதற்கு முந்தைய ராக்ஸ்-1 (2002) இரண்டையும் 3-ஆம் வகையிலேயே வைத்துவிட்டது.

இந்த முரணுக்குக் காரணம் உண்டு. அரிஸ்டாட்டிலில் நிபுணர்கள் கூடி, இறப்பு வாய்ப்போடு பின்விளைவையும் கைவேலையின் சிரமத்தையும் சேர்த்து மதிப்பிட்டார்கள். ஸ்டாட் 77,294 அறுவைகளின் பதிவிலிருந்து, எத்தனை குழந்தைகள் இறந்தார்கள் என்பதை மட்டும் பார்த்தது. தமனி மாற்று நல்லபடியாக முடிந்தால் ரத்த ஓட்டம் சீராகிவிடும். ஷன்ட் வைத்த குழந்தைக்கோ மூலக் குறை அப்படியே இருக்கும். குழாய் திடீரென உறைந்து அடைக்கலாம். நுரையீரலுக்கு ரத்தம் அதிகமாகப் போனால் உடம்புக்குப் போதாமல் போகும். தையல் எளிது, அடுத்த சில நாட்கள்தான் கடினம்.

இறப்பு அபாயத்துக்கு நான் ஸ்டாட்டைத்தான் நம்புவேன், அது நடந்ததை எண்ணியது என்பதால். புதிதாக அறுவை கற்பவருக்கு அரிஸ்டாட்டில் அதிகம் சொல்லும்.

ஆனால் ஸ்டாட் வகை எண் அறுவைக்கு உரியது, குழந்தைக்கு உரியதல்ல. கீழறை ஓட்டையை மூடும் அறுவை ஆறு கிலோ எடையுள்ள ஆறு மாதக் குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்து 1.9 கிலோவில் வென்டிலேட்டரில் கிடக்கும் குழந்தைக்கும் அதே முதல் வகைதான். இந்த இடத்தில் பழைய ராக்ஸ்-1 ஒரு படி மேல்: வயது, குறைப்பிரசவம், இதயத்துக்கு வெளியே உள்ள பெரிய குறைபாடு ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க அது இடம் வைத்தது. அரிஸ்டாட்டிலின் விரிவான வடிவமும் அறுவைக்கு முந்தைய நிலைக்குத் தனி மதிப்பெண் கூட்டும்.

அதனால் பெற்றோரிடம் பேசப் போகிறவர் கையில் உள்ள தாளில் வகை எண்ணுக்குப் பக்கத்திலேயே எடை, பிறந்த வாரம், சிறுநீரக நிலை, மரபணுக் கோளாறு, தொற்று, இத்தனையும் எழுதியிருக்க வேண்டும். வெறும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களிடம் சதவீதம் சொல்ல எனக்கு மனம் வராது.