முருகன்குறிச்சி மாடியில் பத்து நாள் வெப்சைட் வகுப்பு: 1,500 ரூபாய்க்குத் தகுமா?

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. 2001-ல் திறந்தபோது அது பிரவுசிங் சென்டர். மணிக்கு 30 ரூபாய். மோடம் கத்தி முடித்து லைன் கிடைப்பதற்குள் எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அந்தக் காலத்து ஆள் என்பதால், இன்டர்நெட்டைப் பற்றி யார் பாடம் எடுத்தாலும் குறை கண்டுபிடிக்கிற வியாதி எனக்கு உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிற மகளைச் சேர்க்கத்தான் போனேன். செமஸ்டர் லீவில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும், தினம் இரண்டு மணி நேரம். சென்டரின் பெயரைப் போடவில்லை. புகழ்ந்தால் கமிஷன் வாங்கியிருக்கிறான் என்பார்கள், திட்டினால் கடைக்கே வந்து நிற்பார்கள். நான் கேட்ட கேள்விகளைப் பார்த்துவிட்டு, "பாய், நீங்களும் பின்னால உக்காருங்க, காசு வேண்டாம்" என்றார் பாடம் எடுக்கிற தம்பி. கடையை மச்சான் பொறுப்பில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. "அட்ரஸ் அடிச்சா பக்கம் எங்க இருந்து வருது?" என்று கேட்டார். பாதிப் பேர் கூகுளிலிருந்து என்றார்கள். மூன்று பேரை எழுப்பி நிறுத்தினார். ஒருவன் பிரவுசர், ஒருத்தி தளத்தின் பெயரைக் கேட்டு அதன் ஐபி எண்ணை, அதாவது சர்வரின் முகவரி எண்ணைச் சொல்கிற டிஎன்எஸ், இன்னொருவன் பக்கத்தைக் கையில் வைத்திருக்கிற சர்வர். சீட்டு கைமாறிக் கைமாறிப் போனது. டிஎன்எஸ் பிள்ளையை வெளியே போகச் சொன்னதும் ஆட்டம் நின்றது. சர்வர் பையன் சும்மாவே நிற்கிறான், ஆனால் அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் நான் விளக்கிப் பார்த்துத் தோற்ற விஷயம் இது, கால் மணி நேரத்தில் பிள்ளைகளுக்குப் புரிந்தது. இன்டர்நெட் என்பது தண்டவாளம், அதில் ஓடுகிற நெல்லை எக்ஸ்பிரஸ்தான் வெப், இமெயில் வேறொரு வண்டி என்றார். 1989-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வெப்புக்காக எழுதிய திட்டம், 1993 ஏப்ரல் 30-ல் செர்ன் அதை எல்லோருக்கும் இலவசமாக விட்டது, 1995 ஆகஸ்ட் 15-ல் அரசு கம்பெனியான விஎஸ்என்எல் நம் நாட்டில் பொதுமக்களுக்குக் கனெக்‌ஷன் கொடுத்தது. அதோடு வரலாறு முடிந்தது, போதும்.

அடுத்த இரண்டு நாளும் ஃபைலும் ஃபோல்டரும்தான். காசு கொடுத்து இதையா படிக்க வேண்டும் என்று முதலில் எனக்கு எரிச்சல். ஆனால் இந்தப் பிள்ளைகள் போனிலேயே வளர்ந்தவர்கள். இறக்கிய படம் எங்கே போய் உட்காருகிறது என்று கேட்டால் "கேலரியில" என்கிறார்கள். என் கடைக்குப் பிரிண்ட் எடுக்க வருகிறவர்களும் அப்படித்தான், வாட்ஸ்அப்பில் எங்கேயோ கிடக்கிற பிடிஎஃப்பைத் தேடி மேலே தள்ளிக்கொண்டே நிற்பார்கள். எரிச்சல் போய்விட்டது.

பக்கம் கட்டுவது நோட்பேடில், கையால். ஒருவன் எழுத்தைத் தடிமனாக்கச் சொல்கிற குறியை (டேக்) மூட மறந்தான், அதற்குக் கீழே இருந்த மொத்தப் பக்கமும் தடித்துப்போனது. இன்னொருவன் வீட்டிலிருந்தே ஏஐயிடம் சொல்லி அழகான பக்கம் ஒன்று செய்து வந்தான். தம்பி திட்டவில்லை. "தலைப்பை மட்டும் பச்சையாக்கு" என்றார். பையன் இருபது நிமிடம் தேடிவிட்டு நோட்பேடுக்கு வந்து சேர்ந்தான்.

என் மகள் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டது பத்தமடைப் பாய். என் உம்மா அங்கே தறியில் உட்கார்ந்தவர். ஏழாம் நாள் கிட்ஹப் என்ற தளம் பக்கம் வைக்கத் தருகிற இலவச இடத்தில் எல்லோரும் ஏற்றினார்கள். கம்ப்யூட்டரில் ஜோராகத் தெரிந்த கோரைக் கட்டுப் படம், போனில் திறந்தால் வெறும் கிழிந்த கட்டமாக நிற்கிறது. "வாப்பா, என் படம் மட்டும் வரல" என்று கண் கலங்கிவிட்டாள். தம்பிக்குக் காரணம் தெரியும். சொல்லவில்லை. "ஃபைல் பேரையும் நீ எழுதினதையும் எழுத்து எழுத்தா வாசி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் ஆனது. கேமரா கொடுத்த பெயரின் கடைசியில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருந்தது, இவள் சின்ன எழுத்தில் அடித்திருக்கிறாள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், ஆனால் சர்வருக்கு அது வேறு, இது வேறு. இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாள். கொடுத்த காசு எனக்கு அந்த அரை மணி நேரத்திலேயே செரித்துவிட்டது.

பிறந்த தேதி, செல் நம்பர், கல்லூரிப் பதிவெண் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் போட்டிருந்த பிள்ளைகளை உட்கார வைத்து ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னதும் நல்ல காரியம்.

சரி, குறைகள். பதினான்கு பேருக்கு எட்டு கம்ப்யூட்டர். பத்து நாளில் இரண்டு நாள் கரண்ட் போய், யுபிஎஸ் பத்து நிமிடம் கூடத் தாங்கவில்லை. தமிழுக்கென்று ஒரு வகுப்பும் இல்லை. மகளுக்கு உதவுகிறேன் என்று கோரை பற்றி நான் கடையில் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் அடித்துக் கொடுத்தேன். பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை. தம்பிக்கு இது புரியவில்லை, வயது அப்படி. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடி போட்டதுதான் பாமினி, அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும், யூனிகோடில்தான் தமிழ் எழுத்துக்குச் சொந்த எண் உண்டு என்று நான்தான் எழுந்து சொன்னேன். யூனிகோடாக வாசி என்று பிரவுசருக்குச் சொல்கிற யூடிஎஃப்-8 வரி பக்கத்தின் தலையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். (காசு வாங்காததற்கு அது சரியாகப் போயிற்று.)

கோபம் வந்தது எட்டாம் நாள். ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, சொந்தப் பெயரில் டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்), முதல் வருடம் 99 ரூபாய் என்று வகுப்புக்குள்ளேயே விற்றார். டொமைன் என்பது வாடகை வீடு மாதிரி, கட்டத் தவறினால் பெயர் போய்விடும். அடுத்த வருட வாடகை எவ்வளவு என்று பின்னாலிருந்து நான் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். பத்து மடங்குக்கு மேல். நான்கு பிள்ளைகள் அதற்குள் கட்டிவிட்டார்கள். சென்டர் இதற்கு இடம் கொடுத்திருக்கக் கூடாது.

காப்பி எடுத்து வைப்பதையும் கடைசி நாள் ஓரமாகத்தான் சொன்னார்கள். என் கடையில் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் இலவசமாகப் பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸில் பக்கம் கட்டிய பையன்கள் ஏழெட்டுப் பேர். 2009-ல் யாஹூ அதை மூடியபோது ஒருவனிடமும் காப்பி இல்லை. ஆகவே சேர்கிறவர்கள் பென் டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், அங்கே தர மாட்டார்கள். டை கட்டியவர் வந்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுங்கள்.

வெள்ளிக்கிழமை பத்தமடைக்குப் போய் உம்மாவிடம் போனைக் காட்டினோம். மகள் வாசித்துக் காட்டினாள். "பாய் பின்னுவது" என்ற இடத்தில் உம்மா நிறுத்தினார். "பின்னுதது ஓலை. பாய் நெய்யுததுல்லா." மகள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். நோட்பேடைத் திறந்து, வரியைத் திருத்தி, ஏற்றிவிட்டுப் போனை மறுபடி நீட்டினாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை.