பழைய லேத்தில் விடியா இன்சர்ட்: மூன்று வருட அனுபவம்

எங்கள் பட்டறையில் இருப்பது அப்பா காலத்து ஆறடி லேத். கோன் புல்லி, பெல்ட், ஒன்றரை எச்.பி. மோட்டார், ஹெட்ஸ்டாக்கில் பேரிங் கிடையாது, வெண்கல புஷ்தான். எவ்வளவு முறுக்கினாலும் 560 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஓடாது. கோவையில் இதன் வயதுக்காரர்கள் இன்னும் பம்ப் ஷாஃப்ட் கடைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மூன்று வருடம் முன்பு எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) டூலிலிருந்து கார்பைடு இன்சர்ட்டுக்கு, அதாவது ஹோல்டரில் திருகி மாட்டும் மிகக் கடினமான சின்ன வெட்டுத்துண்டுக்கு, மாறினேன்.

1927-இல் ஜெர்மனியின் குருப் நிறுவனம் லைப்சிக் சந்தையில் காட்டிய கார்பைடின் பெயர்தான் 'விடியா'. 'வைரம் போல' என்ற ஜெர்மன் சொற்களின் சுருக்கம். நம் பட்டறைகளில் எந்தக் கம்பெனி கார்பைடாக இருந்தாலும் விடியாதான். முதல் மாதம் எனக்கு அது நிஜமாகவே விடியாத டூலாகத்தான் இருந்தது.

தப்பு என்னுடையது. நாலு முனை கிடைக்கிறதே என்று சிஎன்எம்ஜி 120408 என்ற வகை இன்சர்ட்டை வாங்கினேன். அந்த இன்சர்ட்டுக்குப் பக்கச்சாய்வு கிடையாது, பக்கங்கள் நேர்செங்குத்து. அதனால் ஹோல்டர் அதை முன்னால் குனிய வைத்துப் பிடிக்கிறது. வெட்டுவதைவிட ஜாப்பை (கடையும் பொருளை) தள்ளுவதுதான் அதிகம். பெரிய மெஷினுக்குச் சரி. எங்கள் லேத்தின் தேய்ந்த பெட்டுக்கும் (அடித்தளத்துக்கும்) ஒன்றரை எச்.பி.க்கும் ஆகாது. 25 மி.மீ. ஷாஃப்ட் அலறிய அலறலில் பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அப்புறம் சிசிஎம்டி 09டி304 என்ற வகைக்குப் போனேன். இதில் இரண்டு முனைதான். ஆனால் 7 டிகிரி சாய்வு உண்டு, மூக்கு ஆரம் (முனை வளைவின் ஆரம்) 0.4 மி.மீ. அலறல் நின்றது. 20 மி.மீ. ஹோல்டர் எங்கள் டூல் போஸ்ட்டில் (டூலைப் பிடிக்கும் பகுதியில்) சென்டரை, அதாவது ஜாப்பின் மைய உயரத்தை, தாண்டிவிட்டது. 16 மி.மீ. வாங்கி, அடியில் உடைந்த ஹாக்ஸா பிளேடு துண்டுகளை வைத்துச் சென்டர் பிடித்தேன்.

வேகம்தான் தீராத தலைவலி. சாதா இரும்பில் கார்பைடு நிமிடத்துக்கு 100 மீட்டருக்கு மேல் வெட்டு வேகம் கேட்கும். 25 மி.மீ. ஜாப்பில் 560 சுற்று என்றால் 44 மீட்டர்தான். முனையில் இரும்பு அப்பிக்கொண்டு, கடைந்த இடம் சொறி பிடித்தது போல வரும். ஆசைப்பட்டு மோட்டார் புல்லியைப் பெரிதாக்கினேன். அரை மணி நேரத்தில் புஷ் மேல் கை வைக்க முடியவில்லை. பழைய புல்லியையே மாட்டிவிட்டேன். அலுமினியத்துக்கென்று வரும் சிசிஜிடி இன்சர்ட்டை இரும்பிலேயே போட்டுப் பார்த்தது பலன் தந்தது. அதன் முனை பிளேடு மாதிரி கூர். கடைசி வெட்டு 0.2 மி.மீ. எடுத்தால் மெல்லிய ஷாஃப்ட்டும் வழுவழுப்பாக வருகிறது. கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டினால் முனை போய்விடும்.

வார்ப்பிரும்பு புல்லிதான் இதற்கு உகந்த வேலை. 150 மி.மீ. புல்லியில் 200 சுற்றிலேயே 94 மீட்டர் கிடைத்துவிடுகிறது. மேல்தோலில் ஒட்டியிருக்கும் மணலில் எச்.எஸ்.எஸ். உடனே மழுங்கும், நான் அடிக்கடி கிரைண்டரிடம் ஓடுவேன். அந்த ஓட்டம் இப்போது இல்லை.

முனை உடைந்ததெல்லாம் என் கைவரிசை. வெட்டிக்கொண்டிருக்கும்போதே மெஷினை நிறுத்தியது இரண்டு. சாவிக்காடி (நீளவாக்கில் பள்ளம்) வெட்டிய ஷாஃப்ட்டை மறுபடி கடைந்தது ஒன்று. பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டு கூலன்ட் விட்டதில் ஒன்றில் விரிசலே விழுந்தது. சூடாவதும் குளிர்வதும் மாறி மாறி நடந்தால் கார்பைடு தாங்காது. இப்போது உலர்வெட்டுதான்.

மரை வெட்டவும் துண்டு போடவும் இன்றும் எச்.எஸ்.எஸ்.தான். அந்த வேகத்தில் விடியாவுக்கு அங்கே வேலையில்லை.

எங்களிடம் வேலை பார்க்கும் பெரியவர் முதல் நாளே இன்சர்ட் கழற்றும் நட்சத்திரச் சாவியைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தொலைஞ்சா டூலையே மாத்த முடியாதுங்களா?" என்றார். இரண்டு முறை தொலைந்தது. இப்போது டெயில்ஸ்டாக்கில் கயிறு கட்டித் தொங்குகிறது.